திருத்தாத நோட்டு

எங்கள் மீனவக் குப்பத்தில் ஒவ்வொரு படகும் வாரம் ஒரு கூடை மீனைப் பிள்ளைகளின் படிப்புக்கென்று ஒதுக்கும். நான் பிளஸ் டூ முடித்தபோது, "பொட்டப் புள்ளைக்கு இன்னாத்துக்குப் படிப்பு?" என்று ஊர்க் கூட்டத்தில் கேட்டு, எனக்கு வரவேண்டிய உதவியை நிறுத்தியவர் ஏழுமலை. இறால் உரித்துத்தான் கல்லூரி முடித்தேன்.

இப்போது சிறுசேரியில் வேலை. ஞாயிறுதோறும் குப்பத்துப் பிள்ளைகளுக்குக் கணக்கு சொல்லித் தருகிறேன். ஏழுமலையின் மகள் கவிதாவும் வந்து சேர்ந்தாள். நான் அவளைத் திட்டவில்லை, விரட்டவில்லை. எல்லார் நோட்டையும் திருத்துவேன். அவளுடையதை மட்டும் பார்க்காமலே திருப்பிக் கொடுப்பேன். மூன்று மாதம் என் வயிறு குளிர்ந்தது.

பிள்ளைகளுக்குச் சுண்டல் கொண்டுவரும் முறை ஒரு ஞாயிறு ஏழுமலை வீட்டுக்கு வந்தது. தூக்கை இறக்கி வைத்துவிட்டு, எழுதப் படிக்கத் தெரியாத அந்த மனிதர் மகளின் நோட்டை விரித்தார்.

"பாரு டீச்சரு, மத்த பசங்க நோட்டெல்லாம் ஒரே செவப்பா கீது. எம்பொண்ணுதுல ஒரு கோடு இல்ல. ஊரு பூரா காட்டிகினு கீறேன்."

முதல் கணக்கே தப்பு. கவிதா தலை குனிந்து நின்றாள். அவளுக்குத் தெரிந்திருக்கிறது.

சிவப்புப் பேனாவோடு அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். ஏழுமலையை இன்றும் நான் மன்னிக்கவில்லை. ஆனால் பொட்டப் பிள்ளைக்குப் படிப்பு எதற்கு என்று அவர் ஒரு தடவைதான் கேட்டார். நான் வாய் திறக்காமல் அதே கேள்வியை மூன்று மாதம் கேட்டிருக்கிறேன்.