கேட்டால் மறுக்காத தீவு

சிவநேசத்துக்கு உலகத்தில் பிடிக்காத வேலை ஒன்றுண்டென்றால், அது இன்னொருவரிடம் போய் ஒன்று கேட்பதுதான். கனடாவில் மொன்றியல் துறைமுகத்தில் கொன்டெய்னர் லொறி ஓட்டுகிறவர். பனிக்குள் சில்லுப் புதைந்தாலும் பக்கத்தில் நிற்பவனைத் தள்ளச் சொல்லமாட்டார். தானே இறங்கிப் பனியை வெட்டுவார். யாழ்ப்பாணத்துக் கௌரவம் என்பார்கள். வீம்பு என்பதுதான் அதற்குச் சரியான பெயர்.

மனைவி ஜெகதீஸ்வரி புற்றுநோயில் போய் ஒரு வருடமாகிறது. முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி முடிந்த கையோடு அவளுடைய தங்கை செல்வமலர், "பிள்ளையை நான் பாக்கிறன் அத்தான்" என்றாள். அவள் இருப்பது இரண்டு தெரு தள்ளித்தான். "என்ரை பிள்ளையைப் பாக்க எனக்குத் தெரியும்," என்றார் சிவநேசம். அதோடு போக்குவரத்து நின்றது. ஆறு வயதுக் கஜந்தினி பள்ளிக்கூடம் விட்டதும் கார்டெரி என்கிற பிள்ளைகள் காப்பகத்தில் இருந்தாள். கப்பல் பிந்தினால் அப்பாவும் பிந்துவார். பொறுத்துப் பார்த்த கார்டெரிக்காரர், இந்த மாதத்தோடு பிள்ளையை வைத்திருக்க முடியாது என்று சொல்லிவிட்டார்கள். இனி வேலையை விடுவதா, பிள்ளையைத் தனியே விடுவதா? மனிதருக்குச் சோறு இறங்கவில்லை.

தொண்ணூற்றாறு மாசியில், அந்த நேரம் பார்த்துத்தான் இயோதெபா வந்து சேர்ந்தான். எஞ்சின் பழுதாகித் துறைமுகத்தில் கட்டிக் கிடந்த கப்பலின் மாலுமி. பசிபிக் கடலில் கிரிபாஸ் என்ற குட்டி நாட்டுக்காரன். குளிரில் நடந்து போனவனைச் சிவநேசம் லொறியில் ஏற்றினார். ஏறி இருந்ததும் உடைந்த ஆங்கிலத்தில், கையுறையைத் தா என்றான். கெஞ்சலும் இல்லை, கூச்சமும் இல்லை. சிவநேசம் திகைத்துப் போய்க் கழற்றிக் கொடுத்தார்.

ஞாயிற்றுக்கிழமை சாப்பிட வந்தவன், மீன்குழம்பை மூன்றாம் தரமும் கேட்டு வாங்கிக்கொண்டு தன் ஊரைப் பற்றிச் சொன்னான். வாசலில் நின்றால் முன்னாலும் கடல், பின்னாலும் கடல். வெள்ளைக்காரன் போய்விட்டான், இப்போது தங்களைத் தாங்களே ஆள்கிறார்கள். ஊர் நடுவே ஓலை வேய்ந்த பெரிய மண்டபம். அதில் ஒவ்வொரு குடும்பத்துக்கும் இருக்க ஓர் இடம் உண்டு. ஊர்க்காரியம் எல்லாம் அங்கேதான் பேசி முடியும். சொந்தக்காரன் வந்து ஒன்றைக் கேட்டால் இல்லையென்று சொல்லக்கூடாது. சொன்னால் மானம் போய்விடும். அதற்காகக் கண்டபடி கேட்கவும் முடியாது, நாளைக்கு அவனும் வந்து கேட்பான்.

நான் உனக்குச் சொந்தமில்லையே என்றார் சிவநேசம். குளிரில் ஏற்றிக்கொண்டு போனவன் வேறு யாராம் என்று திருப்பிக் கேட்டான் அவன்.

இருவரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பில் சிவநேசம் கார்டெரிக் கதையை வாய்விட்டுச் சொல்லிவிட்டார். பிள்ளைக்குச் சொந்தத்தில் ஒருவரும் இல்லையா என்றான் இயோதெபா. சித்தி இருக்கிறா என்று கஜந்தினி போட்டுக் கொடுத்தாள். எந்தப் பக்கம் என்று விரலாலும் காட்டினாள். அவ்வளவுதான். அவன் கை கழுவி, ஜக்கெற்றை மாட்டி, பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு புறப்பட்டான். அவன் ஊரில் காரியம் அப்படித்தான் நடக்கும். ஒரு வருடமாய்ப் பேசாமல் இருப்பவர்களிடம் ஆள்விட்டுக் கேட்பது எங்கள் ஆட்களுக்கு எவ்வளவு பெரிய மானக்கேடு என்பது அவனுக்கு எங்கே தெரியும்? சிவநேசம் பொத்தான் பூட்டாத கோட்டோடு பின்னால் ஓடினார்.

செல்வமலர் கதவைத் திறந்தாள். முன்னால் சுருட்டை மயிரோடு ஒரு மலைபோன்ற மனிதன், அவன் கையில் தன் பெறாமகள், பின்னால் மூச்சு வாங்கிக்கொண்டு அத்தான். அக்காவின் பிள்ளையைப் பள்ளிக்கூடம் விட்டபிறகு நீ வைத்துப் பார், அப்பா வேலை முடிந்து வருவார் என்றான் இயோதெபா. அவள் அவனைப் பார்க்கவே இல்லை.

"இவர் ஆர் கேக்க? நீங்கள் கேளுங்கோ அத்தான்."

பிள்ளையின் மூக்கு குளிரில் சிவந்திருந்தது. அதைப் பார்த்துக்கொண்டே சிவநேசம் சொன்னார்.

"எனக்கு ஏலாமக் கிடக்கு மலர். பிள்ளையை நீர் பாப்பீரோ?"

"ஓம்," என்றாள் அவள்.

இயோதெபா அதோடு விடவில்லை. இனி நீயும் அவரிடம் ஒன்று கேட்கவேண்டும், அப்போதுதான் சரி என்றான். எங்கள் ஆட்களின் வழக்கப்படி செல்வமலர் ஒன்றும் வேண்டாம் என்றாள். அவன் வாசலை விட்டு அசைவதாய் இல்லை. அவள் கஜந்தினியின் தலையைத் தடவினாள்.

"அக்காவின்ரை பச்சைக் கோட்டு இருக்கோ?"

இருந்தது. அலுமாரிக்குள் கொழுவியபடி இருந்தது. ஜெகதீஸ்வரியின் வாசம் வீட்டில் மிச்சம் இருந்தது அதில் மட்டும்தான். வேலைக்குப் போகுமுன் சிவநேசம் அலுமாரிக் கதவைத் திறந்து சும்மா நின்றுவிட்டுத்தான் போவார். இல்லை என்ற சொல் தொண்டைவரை வந்தது. தன் துக்கத்தைத் தவிர வேறொருவர் துக்கத்தை இந்த ஒரு வருடத்தில் தான் நினைத்தே பார்க்கவில்லை என்பதும் அப்போதுதான் உறைத்தது. வெட்கமாக இருந்தது.

"கொண்டு வாறன்," என்றார்.

போய்க் கொண்டுவந்து கொடுத்தார். செல்வமலர் அதைப் போட்டுப் பார்க்கவில்லை. கழுத்துப் பட்டியில் முகத்தைப் புதைத்தாள்.

"நீங்கள் இதைத் தோய்க்கேல்லை, என்ன?"

"இல்லை."

"நல்லது," என்றாள்.

அக்கா போனபிறகு அவர்கள் இருவரும் சேர்ந்து அழுதது அன்றைக்குத்தான்.