கோட்டுப் போட்ட கொள்ளுத்தாத்தா

டிவி நிலையத்தில் அவளுக்குப் பூதக்கண்ணாடி என்று பெயர். சாதாரணக் குடும்பங்களின் முன்னோர் கதையை வாரம் ஒன்றாகக் காட்டுகிற நிகழ்ச்சிக்கு, வருகிற கதை நிஜமா புளுகா என்று பார்த்துச் சொல்வது அவள் வேலை. பதினோரு வருடம் அந்த வேலை பார்த்தால் மனிதர்கள் மேல் நம்பிக்கை மிஞ்சுமா? யாரைக் கேட்டாலும் அவர்கள் தாத்தாவுக்கு எட்டுக் குதிரை இருந்ததாம். அத்தனை குதிரையும் இந்த நகரத்தில் இருந்திருந்தால் மனிதர்கள் நிற்க இடம் இருந்திருக்காது. எந்தத் தாத்தாவும் சண்டையில் தோற்கவில்லை, குறட்டைகூட விடவில்லை.

வீட்டிலும் அதே புத்திதான். கணவர் "பஸ் லேட்டு" என்றால் டிக்கெட்டை வாங்கி நேரம் பார்ப்பாள்.

அன்று மேனேஜர் கூப்பிட்டார். "நீ திருப்பி அனுப்பின குடும்பங்களை வச்சு ஒரு ஊரே கட்டலாம். இந்த வாரமும் ஆள் கிடைக்கலைன்னா நிகழ்ச்சிக்கு மூடுவிழாதான். அந்த நேரத்துக்குச் சமையல் போடச் சொல்லிட்டாங்க."

திட்டிக்கொண்டே செய்தாலும் அந்த வேலையென்றால் அவளுக்கு உயிர்.

கையில் மிச்சமிருந்தது ஒரே ஒரு குடும்பம். சைக்கிள் கடைக்கு மேலே இரண்டு அறையில் குடியிருந்த பஸ் கண்டக்டரின் வீடு. பிரிட்ஜுக்கு மேலே படம் தொங்கியது. கோட்டு, முறுக்கு மீசை, நாற்காலியில் ஊன்றிய கை.

"எங்க கொள்ளுத்தாத்தா. ஆத்துப் பாலம் கட்டின இன்ஜினியர்," என்றார் கண்டக்டர்.

"இவர்கிட்ட சொல்லிக்காம நான் வாசல் தாண்ட மாட்டேன்," என்றாள் அவர் மனைவி.

பூதக்கண்ணாடி பையிலிருந்து நிஜப் பூதக்கண்ணாடியை எடுத்துப் படத்தின்மேல் பிடித்தாள். வலது காது மட்டும் வெளியே துருத்திக்கொண்டிருந்தது. அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. போன வருடம் மருந்துக்கடைக்காரர் வீட்டில் இதே காது நீதிபதியாக இருந்தது. அதற்கு முந்தின வருடம் ஒரு பல் டாக்டர் வீட்டில் மல்யுத்த வீரராக இருந்தது. படத்தைத் திருப்பினாள். பின்பக்கம் ஒரு பிரேம் கடையின் முத்திரை.

படத்தைக் கேட்டு வாங்கிக்கொண்டு கிளம்பினாள். கடை இன்னும் இருந்தது. சொந்தக்காரர் படத்தைப் பார்த்துக் கண்ணில் நீர் வரச் சிரித்தார்.

"இது மாதிரிக்கு வச்ச படம்மா. பிரேம் வெறுமையா இருந்தா விக்காதுன்னு எங்க தாத்தா ஒருத்தரைப் புடிச்சு நிக்க வச்சு எடுத்தார். வாங்கினவங்க இதை எடுத்துட்டு அவங்க படத்தை வைக்கணும். வைக்கப் படமே இல்லாதவங்க என்ன செய்வாங்க? அப்படியே மாட்டிட்டாங்க."

"யாரை நிக்க வச்சாங்க?"

"கடைக்குத் தண்ணி தூக்கினவரை. அவரோட பேரன் பின்னாடி தெருவுலதான் தண்ணி லாரி ஓட்டுறார்."

புளுகர்கள் என்று இத்தனை நாள் அவள் முகம் சுளித்ததெல்லாம், தாத்தாவின் முகம் தெரியாமல் தவித்தவர்களைப் பார்த்துத்தானா? பதினோரு வருடத்தில் முதல் தடவையாக அவளுக்குத் தன்னை நினைத்தே வெட்கமாக இருந்தது.

லாரிக்காரர் தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு டயருக்குக் காற்றடித்துக்கொண்டிருந்தார். "தாத்தா போட்டோவா? எங்க வீட்டுல ஏதும்மா? அப்பாவே பார்த்ததில்ல. அவர் கைக்குழந்தையா இருக்கும்போதே தாத்தா போயிட்டாராம். எப்படி இருந்திருப்பாருன்னு சாகிற வரைக்கும் அப்பா கேட்டுட்டே இருந்தார்."

படம் பையில் இருந்தது. ஆனால் அது கண்டக்டர் வீட்டுப் படம். கேட்காமல் காட்ட அவளுக்கு மனம் வரவில்லை. மறுபடியும் மாடி ஏறி விஷயத்தைச் சொன்னாள்.

கண்டக்டருக்கு முகம் செத்துப்போனது. "இது டிவில வந்தா நான் பஸ்ல ஏற முடியுமா? அத்தனை பேரும் சிரிப்பாங்க. படத்தை வச்சிட்டுக் கிளம்புங்கம்மா."

"பதினெட்டு வருஷமா நான் யார்கிட்டங்க சொல்லிட்டு வெளிய போனேன்?" என்றாள் மனைவி.

நிகழ்ச்சி போய்விட்டது என்றே பூதக்கண்ணாடிக்குத் தோன்றியது. இருந்தாலும் லாரிக்காரரின் அப்பா கேட்டுக்கொண்டே இருந்ததை மட்டும் சொல்லிவிட்டு, படத்தைப் பிரிட்ஜின்மேல் வைத்தாள்.

மனைவி வெகுநேரம் படத்தையே பார்த்தாள். பிறகு முந்தானையால் அதைத் துடைத்தாள். "சிரிக்கிறவங்க சிரிக்கட்டும். நானே கொண்டுபோய்க் கொடுக்கிறேன். கேமராவைக் கூட்டிட்டு வாங்க. ஆனா எங்க கொள்ளுத்தாத்தா பாலம் கட்டினதுக்கு மட்டும் சாட்சி கேட்காதீங்க."

"கேட்க மாட்டேன்," என்றாள் பூதக்கண்ணாடி. அப்படி ஒரு வார்த்தை தன் வாயிலிருந்து வந்ததை அவளாலேயே நம்ப முடியவில்லை.

படப்பிடிப்பன்று லாரிக்காரர் துண்டில்லாமல், தலை வாரி வந்திருந்தார். படத்தை வாங்கிப் பார்த்துவிட்டுத் திருப்பி நீட்டினார்.

"இவர் யாரோ பெரிய மனுஷர்மா. எங்க தாத்தாவுக்கு ஏது கோட்டு?"

"கோட்டு கடையோடது," என்றாள் பூதக்கண்ணாடி.

"நாற்காலி?"

"அதுவும் கடையோடது."

"மீசை?"

"ஒட்டினது."

அவர் விரல் படத்தின்மேல் நகர்ந்து ஓரிடத்தில் நின்றது. "இந்தக் காது?"

"அது அவரோடது."

லாரிக்காரர் மெல்லக் கையைத் தூக்கி, வெளியே துருத்திக்கொண்டிருந்த தன் வலது காதைத் தொட்டுப் பார்த்தார்.