"இருக்காரா?" என்று கேட்ட ஸ்டெல்லா டீச்சர்

ஆரம்பகட்ட ஆராய்ச்சிகளுக்கு நிதி வழங்கும் அறக்கட்டளையில் விண்ணப்பங்களைப் பரிசீலிப்பது என் வேலை. மறதி நோயாளிகளைக் கவனித்துக்கொள்ளும் குடும்பத்தாருக்கு உதவும் ஆய்வு ஒன்றுக்கு ‘அவசரமில்லை’ என்று குறிப்பு எழுதிவிட்டு, கடமைக்காக, விண்ணப்பித்த டாக்டர் போய்ப் பார்க்கச் சொன்ன காக்ஸ் டவுன் வீட்டுக்குப் போனேன்.

அது ஸ்டெல்லா டீச்சரின் வீடு. மறதி நோய் முற்றிய அவருடைய கணவர், வெளியே தாழிட்ட அறைக்குள்ளிருந்து கதவைத் தட்டிக்கொண்டே இருந்தார்.

"நேத்து தலையணைய அவர் முகத்துக்கு நேரா பிடிச்சிட்டு நின்னேன், சார்," என்றார் டீச்சர்.

தட்டும் சத்தம் சட்டென்று நின்றது. டீச்சர் எழவில்லை. நான்தான் ஓடித் திறந்தேன். கணவர் தரையில் உட்கார்ந்து சட்டைப் பட்டனைத் திருகிக்கொண்டிருந்தார்.

"இருக்காரா?" என்று பின்னாலிருந்து கேட்டார் டீச்சர். அந்தக் குரலில் இருந்தது பயம்தானா என்று இன்றும் எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

குறிப்பைத் திருத்தி எழுதினேன்; நிதி கிடைத்தது. ஆனால் அதற்குமுன் எந்த வீட்டுக்கும் போகாமலே எத்தனையோ விண்ணப்பங்களைத் தள்ளியிருக்கிறேன். அங்கெல்லாம் என்ன நடந்தது என்று விசாரிக்க எனக்குத் துணிவில்லை.