தேயிலைக் கட்டையில் செய்த பட்டன்கள்

என் மகன் கோயம்புத்தூரில் ஒரு சின்னப் பட்டறையில் வேலை பார்க்கிறான். கையில் வைத்துக்கொண்டு விளையாடுகிற குட்டிக் கம்ப்யூட்டர் இருக்கிறதே, அதன் மேல் அமுக்குகிற பட்டன்களை வடிவமைத்துச் செய்து கொடுப்பதுதான் அவர்கள் தொழில். சனிக்கிழமை பஸ் ஏறி, மலைமேல் அரவேணுவில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு வரும்போது ஒரு பை நிறைய அழுக்குத் துணியும் ஒரு கவர் நிறைய பட்டனும் கொண்டு வருவான். துணியை ஊறப் போட்டுவிட்டு, பட்டன்களைச் சமையல் மேடையில் என் முன்னால் பரப்பிவிடுவான்.

"அம்மா, இத அமுக்கிப் பாருங்க. இறுக்கமா இருக்குதா, லூசா இருக்குதா?"

"எல்லாம் ஒண்ணாத்தான் இருக்குது."

"ஒண்ணா இல்லைங்ம்மா. நல்லா கவனிங்க. பாதியில டக்குனு ஒரு இடம் வருதுங்களா?"

குழம்பு அடிப்பிடித்துக்கொண்டிருக்கும். அந்த டக்கு எனக்கு வரவே வராது. வந்தது என்று சொன்னால் எந்த இடத்தில் வந்தது என்று கேட்பான். வரவில்லை என்றால் அடுத்த பட்டனை நீட்டுவான். யாரையும் முகத்துக்கு நேரே கடிந்து பேசி எனக்குப் பழக்கமில்லை. எரிச்சல் வந்தால் பாத்திரம் துலக்குவேன். அதனால் ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் வீட்டுப் பாத்திரங்கள் பளபளவென்று இருக்கும்.

இந்தப் பட்டன் பைத்தியம் அவனுக்கு எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும். என் மாமாவிடமிருந்து வந்தது. அந்த மாமாவால் நான் பட்ட பாட்டை ஒரு தடவையாவது எழுதி வைத்தால்தான் எனக்கு ஆறும்.

நான் ஆறாவது முடித்திருந்த கோடை லீவு அது. அப்போது நாங்கள் கீழ் கோத்தகிரிப் பக்கம் ஒரு தேயிலை எஸ்டேட்டில், வேலைக்காரர்களுக்கு வரிசையாகக் கட்டிவிட்ட லைன் வீட்டில் இருந்தோம். அம்மா கொழுந்து பறித்தாள். அப்பா தேயிலை பேக்டரியில் இரவு ஷிப்ட் பார்த்துவிட்டுப் பகலெல்லாம் தூங்குவார். அம்மாவின் தம்பியான மாமாவும் எங்களோடுதான் இருந்தார். அதே பேக்டரியில் ஃபிட்டருக்கு உதவியாள். கெட்டுப்போன எதைக் கண்டாலும் அவர் முகத்தில் ஒரு சந்தோஷம் வரும். அது எனக்கு அன்றும் பிடிக்காது, இன்றும் பிடிக்காது.

கோயம்புத்தூரில் வாக்கப்பட்ட பெரியம்மா, அம்மாவின் அக்கா, லீவு தொடக்கத்தில் மகனோடு வந்து போனாள். அந்த அண்ணனிடம் கையடக்க வீடியோ கேம் ஒன்று இருந்தது. திரையில் மேலேயிருந்து சின்னச் சின்னக் கட்டைகள் விழும். அவற்றை மஞ்சள் பட்டன்களால் திருப்பி, நகர்த்தி, இடைவெளி இல்லாமல் அடுக்க வேண்டும். நான் வாய் திறந்து கேட்கவில்லை. அண்ணனுக்குப் பின்னால் நின்று பார்த்துக்கொண்டே இருந்தேன். என் மூச்சு அவன் கழுத்தில் பட்டுப் பட்டுத் தொந்தரவாக இருந்ததோ என்னவோ, கிளம்பும்போது அதை என் கையில் கொடுத்து, "மாரியம்மன் நோம்பிக்கு வர்றப்ப வாங்கிக்கிறேன்" என்றான்.

பெரியம்மா அம்மாவைப் பார்த்தாள். "பத்திரம்" என்று மட்டும் சொன்னாள். அந்த ஒரு சொல்லில் ஒரு பித்தளைக் குடம் இருந்தது. எப்போதோ அவள் இரவல் கொடுத்த குடம் எங்கள் வீட்டில் நசுங்கிவிட்டது. அதற்குப் பிறகு எந்த விசேஷத்திலும், பந்தியில் பக்கத்தில் யார் உட்கார்ந்தாலும், அந்தக் குடத்தின் கதை வரும். அம்மா இலையைப் பார்த்துக் குனிந்துகொண்டே சாப்பிட்டு எழுவாள்.

ஒரு வாரம் நன்றாக விளையாடினேன். பிறகு மழையும் மேகமும் சேர்ந்து இறங்கின. வீட்டுக்குள் தலையணைகூட ஈரம். கேமின் திரைக்கு உள்ளே புகை மாதிரி படிந்துவிட்டது. எங்கள் பக்கத்தில் ஈரமான எந்தப் பொருளுக்கும் ஒரே வைத்தியம்தான். அடுப்புக்கு மேலே கம்பி கட்டித் தொங்குகிற தட்டியில் போட்டுவிடுவது. விறகு, ஸ்வெட்டர், பள்ளிக்கூட ஷூ எல்லாம் அங்கேதான் காயும். அம்மா நல்லெண்ணத்தில் கேமையும் அங்கே வைத்தாள். அதுவும் பட்டன் கீழ்ப்பக்கம் பார்க்க.

எடுத்தபோது திரை முழுக்கக் கறுத்திருந்தது. ஆறியதும் அது தெளிந்துவிட்டது. பட்டன்கள்தான் உருகிச் சப்பையாகி, பெட்டியோடு பெட்டியாக ஒட்டிக்கொண்டிருந்தன.

அம்மா தரையில் உட்கார்ந்துவிட்டாள். "எங்கக்கா மூஞ்சியில எப்படி முழிப்பேன்? குடம் பத்தாதுன்னு இது வேறயா?"

"பட்டன்தானக்கா போச்சு? உசுரா போச்சு?" என்றார் மாமா. அவர் முகத்தில் அந்தச் சந்தோஷம் வந்திருந்தது. "நோம்பிக்குள்ள நான் செஞ்சு தர்றேன். கம்பெனிக்காரன் என்ன வானத்துல இருந்தா கொண்டு வந்தான்?"

கத்தியை விட்டு நெம்பினார். பட்டன்கள் வந்தன. அவற்றுக்கு அடியில் இருந்த மெல்லிய ரப்பரும் கிழிந்து கூடவே வந்தது. "அட, இப்படித்தான் வேலை செய்யுதா!" என்று மாமா அதைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தார். நான் அழுதேன். அவர் கவனிக்கவில்லை. பட்டனை அமுக்கினால் ரப்பருக்கு அடியில் இருக்கும் கறுப்புப் பொட்டு கீழே போய்க் கம்பித் தடத்தைத் தொட வேண்டும், விட்டால் எழும்பி வர வேண்டும், இவ்வளவுதான் சங்கதி என்று எனக்கு விளக்கினார். இவ்வளவுதான் என்றால் சாயங்காலத்துக்குள் முடியும் என்று நினைத்தேன்.

பட்டனுக்கு மரம் தேடுவதிலேயே நாட்கள் போயின. சில்வர் ஓக் மெத்தென்று இருக்கிறதாம், யூக்கலிப்டஸ் பிளக்கிறதாம். கடைசியில் பிடுங்கிப் போட்ட பழைய தேயிலைச் செடியின் அடிக்கட்டையைத் தேர்ந்தெடுத்தார். இரும்பு மாதிரி அது. அதை ஆக்சா பிளேடால் அறுத்து, அரத்தால் ராவி, உப்புத்தாளால் தேய்க்கத் தொடங்கினார். பகலில், அப்பாவின் கட்டிலுக்குப் பக்கத்தில்.

"ஏப்பா மாப்ள," என்று போர்வைக்குள்ளிருந்து அப்பாவின் குரல் வரும். "நைட்டெல்லாம் முழிச்சிட்டு வந்து படுத்திருக்கறேன். என் பல்லுலயா அரம் போடற?"

"முடிஞ்சுதுங்க மச்சான். இன்னும் ஒரே ஒரு ஓரந்தான்."

அந்த ஒரு ஓரம் முடியவே இல்லை. பட்டனின் மேல்பக்கம் குழிந்திருக்க வேண்டுமா, புடைத்திருக்க வேண்டுமா என்று இரண்டு விதமாகவும் செய்தார். கறுப்புப் பொட்டுக்குப் பதிலாக, தேயிலைப் பெட்டிக்குள் ஒட்டுகிற ஈயத்தாளைப் பொட்டுப் பொட்டாக வெட்டி, பஞ்சர் ஒட்டுகிற சொல்யூஷனால் ஒட்டினார். அடியில் வைக்க ரப்பர் செருப்பிலிருந்து துண்டுகள் வெட்டினார். அது என் செருப்பு.

செருப்பு ரப்பரில் அமுக்கிய பட்டன் எழும்பவே இல்லை. திரையில் விழுகிற கட்டை இடது பக்கம் ஓடி ஓரத்தில் முட்டிக்கொண்டு நின்றது. பிறகு பால்புட்டியின் ரப்பரை வெட்டி வைத்தார். பக்கத்து வீட்டு அக்கா, குழந்தையின் புட்டியைக் காணோம் என்று லைன் முழுக்கத் தேடிக்கொண்டிருந்தாள். அதில் பட்டன் நன்றாக எழும்பியது. எனக்கு அது போதும். அப்படியே மூடி என் கையில் கொடுத்திருந்தால் இந்தக் கதையே இல்லை.

ஆனால் மாமாவுக்கு ஒரு வழக்கம். பேக்டரியில் எதைச் செப்பனிட்டாலும், அதை ஓட்டுகிறவர் கையில் கொடுத்துக் கேட்காமல் ஃபிட்டர் விடமாட்டாராம். அதே மாதிரி இவரும் கேட்க வேண்டுமாம். விளையாடுகிறவள் நான், பக்கத்திலேயே நிற்கிறேன். "உனக்கு என்ன தெரியும், இத்தனூண்டு விரலு" என்று சொல்லிவிட்டு அம்மாவுக்காகக் காத்திருந்தார். கொழுந்து மும்முரமான காலம். பெண்கள் இருட்டுகிற நேரத்துக்குத்தான் எடை போட்டுவிட்டு வருவார்கள். அம்மா கூடையை இறக்குவதற்குள் கேமை நீட்டினார்.

"அக்கா, அமுக்கிப் பாரு."

அம்மா கட்டைவிரலை வைத்தாள். அந்த விரல் வருடக்கணக்காகக் கொழுந்தைக் கிள்ளிக் கிள்ளிக் கறுத்துக் காய்த்துப் போனது. சூடான பாத்திரத்தைத் துணி இல்லாமல் இறக்குகிற விரல்.

"அமுக்கின மாதிரியே இல்லியே. காத்தைத் தொட்ட மாதிரி இருக்குது."

மாமா திரும்ப எல்லாவற்றையும் பிரித்தார்.

அடுத்தது பேனா ஸ்பிரிங். பட்டன் வைத்த பேனாக்களுக்குள் இருக்குமே, அது. வருடம் முழுக்க நான் பொத்திப் பொத்தி வைத்திருந்த பேனாக்கள் குடல் உருவிக் கிடந்தன. ஸ்பிரிங்கை வெட்டி வைத்தார். அம்மா அமுக்கினாள். "இன்னும் கொஞ்சம் இருக்கலாம்." கொஞ்சம் நீளமாக வெட்டி வைத்தார். "இன்னும் துளி." மறுநாள் அடுப்படிக்குப் போய், மிளகாய் அரைத்துக்கொண்டிருந்தவளின் கையைத் துடைத்துவிட்டுக் கேட்டார். அம்மா அமுக்கினாள், விட்டாள், திரும்ப அமுக்கினாள்.

"ஆங். இதுதான். கொழுந்து முறியற மாதிரியே இருக்குது."

மாமா அப்போது பட்ட பெருமையை என்னவென்று சொல்வது! அப்பாவை எழுப்பிக் காட்டினார். எனக்கும் ஒரு தடவை கொடுத்தார். என் ஒரு கட்டைவிரலால் அந்தப் பட்டன் அசையவில்லை. இரண்டு விரலையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்து அமுக்கினேன். திரையில் கட்டை திரும்புவதற்குள் கீழே விழுந்துவிட்டது.

"மாமா, ரொம்ப கெட்டியா இருக்குதுங்க."

"சோத்தை நல்லா தின்னு. சரியாயிரும்."

நோம்பித் திருவிழா வந்தது. பெரியம்மாவும் அண்ணனும் வந்தார்கள். அம்மா காலையிலிருந்து பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. கேமை ஒரு புதுத் துண்டில் சுற்றி வைத்திருந்தாள். அண்ணன் பிரித்தான். மஞ்சள் பட்டன் இருந்த இடத்தில் பழுப்பு மரப் பட்டன்கள்.

"என்ன சித்தி இது?"

அம்மா அவன் பிரித்துப் போட்ட துண்டை எடுத்து மடிக்க ஆரம்பித்தாள். மாமாதான் முன்னால் வந்து, "முன்னத்ததைவிட நல்லா இருக்கும், விளையாடிப் பாரு சாமி" என்றார். அண்ணன் அமுக்கினான். பல்லைக் கடித்துக்கொண்டு அமுக்கினான். அவன் டவுன் விரல் சிவந்துபோனது. "கை வலிக்குது. இதுல மனுசன் விளையாடுவானா?" என்று கேமைப் பாயில் போட்டான்.

எனக்கு மாமாவை அங்கேயே இரண்டு கேள்வி கேட்க வேண்டும்போல் இருந்தது. வழக்கம்போல் கேட்கவில்லை.

பெரியம்மா கேமை எடுத்தாள். அம்மா சுவரோடு ஒட்டி உட்கார்ந்துகொண்டாள். குடத்தின் கதை தொடங்கப் போகிறது என்று எல்லாருமே காத்திருந்தோம். பெரியம்மா மரப் பட்டனைத் தடவிப் பார்த்தாள். அமுக்கினாள். விட்டாள். இன்னொரு தடவை அமுக்கினாள்.

பெரியம்மாவும் கல்யாணத்துக்கு முன்னால் இதே எஸ்டேட்டில், அம்மாவுக்கு அடுத்த வரிசையில் நின்று கொழுந்து பறித்தவள்தான். ஆனால் அதை அவள் யாரிடமும் சொல்லமாட்டாள். அட்டை கடியும் குளிரும் யாருக்கு வேண்டும் என்று மலையையே திட்டுவாள். கோயம்புத்தூரில் அக்கம்பக்கத்தாரிடம், எங்கப்பா எஸ்டேட் ஆபீசில் இருந்தார் என்று சொல்லி வைத்திருந்தாள்.

"யாருடா இதைச் செஞ்சது?" என்றாள்.

"நான்தானுங்க்கா" என்றார் மாமா.

"யார் சொல்லி இந்த அளவுக்கு வெச்ச?"

மாமா அம்மாவைப் பார்த்தார். அம்மா தரையைப் பார்த்தாள். பெரியம்மா கேமை அம்மாவின் மடியில் வைத்து, பக்கத்திலேயே உட்கார்ந்தாள். "நீ அமுக்கு" என்றாள். அம்மா அமுக்கினாள். பெரியம்மா அந்தப் பக்கத்துப் பட்டனை அமுக்கினாள். இரண்டு பேரும் மாற்றி மாற்றி அமுக்கினார்கள். திரையில் கட்டைகள் தாறுமாறாக விழுந்து மேல்வரை நிறைந்துபோயின. ஆட்டம் முடிந்ததற்கான சத்தம் வந்தது. இரண்டு பேருமே திரையைப் பார்க்கவில்லை. விளையாடத் தெரியாதவர்களிடம் கொடுத்தால் இப்படித்தான் என்று நானும் அண்ணனும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். அன்று குடத்தின் கதை வரவில்லை. அம்மா பந்தியில் இரண்டு தரம் சோறு வாங்கிச் சாப்பிட்டாள்.

எனக்கு ஒரு நப்பாசை. அண்ணனோ வேண்டாம் என்றுவிட்டான். இனி அது எனக்குத்தானே? இரண்டு விரலால் அமுக்கியாவது பழகிவிடலாம். ஆனால் கிளம்பும்போது பெரியம்மா அதைத் துண்டோடு எடுத்துத் தன் பையில் வைத்துக்கொண்டாள். "இவனுக்கு வேற வாங்கிக் குடுத்துக்கறேன். இது என்கிட்ட இருக்கட்டும்."

பஸ் போன பிறகு நான் மாமாவோடு இரண்டு நாள் பேசவில்லை. அதையும் அவர் கவனிக்கவில்லை. பக்கத்து வீட்டு ரேடியோ கெட்டுப்போயிருந்தது.

அடுத்த லீவில் கோயம்புத்தூர் போனோம். கேம் பெரியம்மாவின் கையில் இருந்தது. மத்தியானச் சமையல் முடித்துவிட்டு, ஃபேனுக்கு அடியில் கால் நீட்டி உட்கார்ந்து, ஜன்னலைப் பார்த்துக்கொண்டே பட்டனை அமுக்கிக்கொண்டிருந்தாள். சத்தம் ஒன்றும் வரவில்லை. மெல்ல அவள் பின்னால் போய் நின்று எட்டிப் பார்த்தேன். திரையில் ஒன்றும் இல்லை.

"பெரியம்மா, அதுல பேட்டரி இல்லைங்க."

"தெரியும் கண்ணு" என்றாள். அமுக்குவதை நிறுத்தவில்லை.

என்னவொரு கஞ்சத்தனம்! நான் வருகிறேன் என்று தெரிந்து, நான் கேட்டுவிடக் கூடாது என்பதற்காகவே பேட்டரியைக் கழற்றி எங்கேயோ ஒளித்து வைத்துவிட்டாள். இதைத் தவிர வேறு காரணம் இருக்க முடியாது என்று எனக்கு உறுதியாகத் தெரிந்தது. அன்று அவள் சுட்டுக் கொடுத்த பணியாரத்தை ஒன்றுக்கு மேல் தொடவில்லை. ஊர் திரும்பும் வழியில், பஸ் மலையேறிக் குளிர ஆரம்பித்ததும் அம்மா தன் ஸ்வெட்டரை என்மேல் போர்த்தினாள். அதையும் தள்ளிவிட்டு, முகத்தைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.