ஐந்தாவது கிண்ணம்

என் தம்பி மனைவி கல்யாணமாகி வந்த இருபத்தாறு வருஷத்தில் ஒரு நாளும் பசிக்கிறது என்று சொன்னதில்லை. போதும் என்றும் சொன்னதில்லை. அவள் வேறு யாருமில்லை, எங்கள் அம்மாவின் ஒன்றுவிட்ட தம்பிக்கு மூன்றாவது பெண். மூத்தவள் கோபக்காரி, இரண்டாமவள் வாயாடி, மூன்றாவதுதான் இருக்கிற இடம் தெரியாது என்று நான்தான் பார்த்து முடித்து வைத்தேன். ஆகவே நடந்ததில் என் பங்கும் உண்டு. அதை மறைக்கப் போவதில்லை.

அவளுக்கு வேலை ஒரு பெரிய சலவைக்கூடத்தில். விடுதிகளிலிருந்தும் ஆஸ்பத்திரிகளிலிருந்தும் வண்டி வண்டியாக வரும் படுக்கை விரிப்புகளைத் துவைத்து, ஈரத்தோடு சூடான உருளைக்குள் கொடுக்க வேண்டும். இரண்டு பெண்கள் இரண்டு முனையைப் பிடித்து உதறி, சுருக்கம் விழாமல் உருளையின் வாயில் வைப்பார்கள். அந்தப் பக்கம் இரண்டு பேர் வாங்கி மடிப்பார்கள். எட்டு மணி நேரமும் நின்ற நிலைதான். அங்கே அவளுக்குப் பெயர் ரோலரக்கா.

வேலை முடிந்து வந்தால் வீட்டு உருளை சுற்ற ஆரம்பிக்கும். என் தம்பி டயர் கடையிலிருந்து வருவான். மகன் செல்போன் கடையிலிருந்து வருவான். மகள் கல்லூரி விட்டு வருவாள். மாடி அறையில் ஒண்டிக்கட்டையாக இருக்கிற நானும் இறங்கி வருவேன். எல்லோருக்கும் போட்டு முடித்து, தட்டுகளை எடுத்துக்கொண்டு அவள் சமையலறைக்குள் போனால், அடுத்த அரை மணி நேரம் உள்ளே பாத்திரச் சத்தம் மட்டும்தான் கேட்கும். அவள் என்ன சாப்பிட்டாள், எப்போது சாப்பிட்டாள், ஒருவருக்கும் தெரியாது. கேட்கவும் தோன்றியதில்லை.

"நமக்கெல்லாம் ஃப்ரிட்ஜ் எதுக்கு? மிச்சம் வச்சா அம்மா வயித்துல பத்திரமா இருக்கும்" என்பான் மகன். நாங்கள் சிரிப்போம். அவளும் சிரிப்பாள்.

சர்க்கரை வந்து ஏழு வருஷம். மாத்திரை போடுவாள், மறப்பாள். ஆறேழு மாதம் முன்பு துவைக்கும் பக்கம் ஆள் குறைந்ததால் ஒரு மாதம் அவளை ரப்பர் பூட்ஸ் மாட்டி அங்கே நிறுத்தினார்கள். பூட்ஸ் வலது கால் விரலைக் கடித்தது. அவளுக்கு உறைக்கவே இல்லை. ஒரு வாரம் கழித்துக் காலுறையைக் கழற்றும்போது துணியோடு தோலும் வந்தது.

நான்தான் கூடப் போனேன். டாக்டர் காலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"மூணு மாசம் லீவு போடுங்க, பார்ப்போம். தினமும் கட்டு மாத்தணும், மாத்திரை தவறக் கூடாது, சர்க்கரை இறங்கியே ஆகணும். இறங்கலைன்னா இந்த விரலை எடுத்துடுவோம். அதுக்கப்புறம் நின்னு செய்யற வேலை கஷ்டம்மா."

விரலுக்கு அவள் முகம் மாறவில்லை. வேலை என்றதும் மாறியது.

அடுத்த அறையில், என்ன சாப்பிட வேண்டும் என்று சொல்லித் தர ஒரு நர்ஸ் இருந்தாள். வயது சின்னது, பேனா பெரியது.

"நேத்து என்னக்கா சாப்பிட்டீங்க?"

"பெருசா ஒண்ணுமில்லைம்மா. ஒரு பிடி சோறு."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான்."

அவள் பொய் சொல்லவில்லை. அதுதான் கொடுமை. எனக்குத்தான் வாய் சும்மா இருக்காதே. "ஏண்டி, பையன் அரைத்தட்டு சோறு அப்படியே வச்சுட்டு எழுந்தானே, அது எங்க போச்சு?" என்றேன்.

"அது மிச்சம்க்கா. அது சாப்பாட்டுல சேருமா?"

நர்ஸ் பேனாவை நிமிர்த்தினாள். "சேரும். சொல்லுங்க, வேற என்ன மிச்சம்?"

வர ஆரம்பித்தது பாருங்கள். காலையில் மகள் கடித்துப் போட்ட ரொட்டி ஓரம், ஜாமோடு மூன்று துண்டு. என் தம்பி பாதியில் வைத்த பால். மத்தியானம் கூட வேலை செய்கிறவள் டப்பாவில் மிஞ்சிய கிழங்கு. மூன்று சர்க்கரை டீ. சாயங்காலம் நமுத்துப்போன பிஸ்கட், வீணாகுமே என்று. இரவு மகனின் அரைத்தட்டு. பாத்திரத்தில் ஒட்டியிருந்ததை வழித்தது. நேற்றைக்கு முந்தின நாள் சோறு, இன்றைக்கு விட்டால் கெட்டுவிடுமே என்று. காகிதத்தின் ஒரு பக்கம் நிறைந்து மறுபக்கம் போனது.

"அக்கா, இது ரெண்டு பேர் சாப்பாட்டுக்கு மேல இருக்கு. இதுல காயே இல்ல. முட்டை, பருப்பு ஒண்ணுமில்ல. எல்லாம் சோறும் ரொட்டியும் இனிப்பும்."

"காய் மிஞ்சாதும்மா. காயை எல்லாரும் சாப்பிட்டுடுவாங்க" என்றாள் இவள்.

நர்ஸ் காகிதத்தின் அடியில் என்ன, எவ்வளவு, எத்தனை மணிக்கு என்று எழுதிக் கொடுத்தாள். பேருந்தில் அவள் அந்தக் காகிதத்தை மடித்து, பிரித்து, மடித்து, பிரித்துக்கொண்டே வந்தாள்.

அன்று சாயங்காலம் ஏழு மணிக்கு ஒரு தட்டை எடுத்தாள். பாதித் தட்டு காய், ஒரு முட்டை, கொஞ்சம் பருப்பு, ஒரு கைப்பிடிச் சோறு. சாப்பாட்டு மேசையில் என் தம்பி உட்காரும் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். வேறு நாற்காலி இல்லாமல் இல்லை.

என் தம்பி கை கழுவிவிட்டு வந்து நின்றான். "என்ன, உடம்பு முடியலையா?"

"முடியுது. அதான் சாப்பிடறேன்."

"எங்களுக்கு யார் போடறது?"

"கரண்டிக்கு ஆள் அடையாளமா தெரியும்? யார் பிடிச்சாலும் வரும்."

மகன் சத்தமாகச் சிரித்தான். அப்புறம் அம்மா முகத்தைப் பார்த்துச் சிரிப்பை விழுங்கினான்.

அது முதல் நாள். மறுநாள் காலையில் ஃப்ரிட்ஜைத் திறந்தால் மூடி போட்ட நான்கு சின்னக் கிண்ணம். ஒவ்வொன்றிலும் ஒரு வெள்ளை நாடாத் துண்டு ஒட்டியிருந்தது. சலவைக்கூடத்தில் எந்த விரிப்பு எந்த விடுதியுடையது என்று தெரிய, நாடாவில் அழியாத மையால் குறி போடுவார்கள். அந்த நாடா, அந்த மை. தம்பிக்கு வட்டம். மகனுக்கு இரண்டு கோடு. மகளுக்கு முக்கோணம். அவரவர் முந்தின நாள் தட்டில் வைத்த மிச்சம் அவரவர் கிண்ணத்தில் இருந்தது. அடுத்த வேளைக்குச் சுட வைத்து முதலில் அதுதான் தட்டில் விழும். அது உள்ளே போன பிறகுதான் புதுசு.

நான்காவது கிண்ணத்தில் பெருக்கல் குறி.

"இது யாருக்குடி?"

"உங்களுக்குத்தான்க்கா."

எனக்குச் சுருக்கென்றது. பள்ளிக்கூடத்தில் என் பலகை முழுக்க வாத்தியார் போட்டது அந்தக் குறிதான். நான் நாலாவதோடு நின்றதற்கும் அதுதான் காரணம். தட்டில் கடைசி ஒரு வாய் வைப்பது என் வழக்கம். வழித்துத் தின்றால் பறக்காவெட்டி என்பார்கள் என்று எங்கள் அம்மா பழக்கியது. அந்த ஒரு வாய் தினமும் எங்கே போயிற்று என்று அறுபத்தெட்டு வயதில்தான் தெரிந்தது.

தெரிந்துவிட்டால் மட்டும் திருந்திவிடுவேனா? நான் கொதித்தேன். "வயசான எனக்குப் பழசா? உன்னை நான்தான் பார்த்துக் கட்டி வச்சேன், ஞாபகம் இருக்கா?"

"இருக்குக்கா. அதான் உங்களுக்குச் சின்னக் கிண்ணம்."

என் தம்பி அதைவிடக் குதித்தான். "நாள் முழுக்க டயரோட மல்லுக்கட்டிட்டு வர்ற மனுஷனுக்கு நேத்து மிச்சத்தைப் போடறியா?"

அவள் கட்டுப் போட்ட காலை ஸ்டூலில் தூக்கி வைத்துக்கொண்டு சொன்னாள்: "நேத்து வரைக்கும் அதைத் தின்னவ மனுஷி இல்லையா?"

அவன் சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போய்ச் சாப்பிட்டு வந்தான். மூன்று நாள் போனான். நான்காம் நாள் வயிறு கெட்டு வந்து, வட்டக் கிண்ணத்தைத் திறந்து, நின்றபடியே தின்றான். மகள்தான் முதலில் வழிக்கு வந்தாள். முக்கோணத்தைப் பார்க்கப் பிடிக்காமல், வேண்டிய அளவு மட்டும் போட்டுக்கொள்ளப் பழகினாள்.

இரண்டாம் மாதக் கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்கள் சித்தப்பா சாப்பிட வந்தார். அப்பாவுக்கு நேர் இளையவர், எண்பத்திரண்டு. எங்கள் குடும்பத்தில் அவர் இருமினால் நாலு பேர் எழுந்து நிற்பார்கள். பன்னிரண்டரைக்கு வருகிறேன் என்றவர் ஒரு மணி ஆகியும் வரவில்லை. ஒரு மணிக்கு மாத்திரை, உடனே சாப்பாடு. அது அவளுக்கு டாக்டர் சொன்ன கணக்கு. நான் கெஞ்சினேன். "இன்னைக்கு ஒரு நாள் பொறுத்துக்கோடி. வந்ததும் அவருக்குப் போட்டுட்டு உக்காரு."

"ஒரு நாள், ஒரு நாள்னுதான்க்கா இருபத்தாறு வருஷம் ஆச்சு" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தாள்.

அவள் பாதித் தட்டில் இருக்கும்போது சித்தப்பா உள்ளே வந்தார். செருப்பைக் கழற்றியவர் நிமிர்ந்து பார்த்தார்.

"இதென்ன புதுசா? வந்தவன் வாசல்ல நிக்கறான், பரிமாற வேண்டியவ வாயில சோறு."

என் தம்பி சுவரைப் பார்த்தான். அவள் மென்றதை விழுங்கினாள். தண்ணீர் குடித்தாள். காலை மேசைக்கு அடியிலிருந்து வெளியே நீட்டினாள்.

"சின்ன மாமா, உங்க கால் விரல்ல ஒண்ணை எனக்குத் தர்றதா இருந்தா சொல்லுங்க, இப்பவே எழுந்து பரிமாறறேன்."

சித்தப்பா கட்டைப் பார்த்தார். அவருடைய காலையும் ஒருமுறை பார்த்துக்கொண்டார். நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார். எழுந்து போய்க் கரண்டியை எடுத்தது என் தம்பி. குழம்பைச் சித்தப்பாவின் சட்டைக் கையில் கொஞ்சம் ஊற்றினான், மீதியைத் தட்டில் ஊற்றினான். சாப்பிட்டு முடிக்கும் நேரத்தில் மகள் நாடாவும் மையுமாக வந்து நின்றாள்.

"தாத்தா, தட்டுல கொஞ்சம் இருக்கே. உங்களுக்கு என்ன குறி போடட்டும்? சதுரம் காலியாத்தான் இருக்கு."

"என்ன குறி? எதுக்கு?"

விஷயத்தைச் சொன்னதும் மனிதர் மறுபடி கையை வைத்து, தட்டில் ஒரு பருக்கை விடாமல் எடுத்துவிட்டார். போகும்போது என் காதில் மட்டும், "உன் தம்பி வீட்ல ஆட்சி மாறிடுச்சு போல" என்றார். "ஆமா சித்தப்பா" என்றேன். எந்தப் பக்கம் நிற்கிறேன் என்று எனக்கே அப்போதுதான் தெரிந்தது.

மூன்று மாதம் முடிந்து ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். சர்க்கரை முழுசாக அடங்கிவிடவில்லை. ஆனால் நன்றாக இறங்கியிருந்தது, புண்ணும் ஓரத்திலிருந்து மூடிக்கொண்டு வந்திருந்தது. டாக்டர் விரலைத் தட்டிப் பார்த்து, "இது இங்கேயே இருக்கட்டும்" என்றார். இன்னொரு மாதம் கட்டு, அகலமான செருப்பு, மாத்திரை எப்போதும் போல. அப்புறம் உருளைக்குப் போகலாம்.

வீட்டில் என் தம்பி இதைக் கேட்டதும் முகமெல்லாம் வெளிச்சம். "அப்பாடா! நல்லாயிடுச்சுல்ல. இனிமே பழையபடி…" என்று ஆரம்பித்தான்.

"பழையபடி என்ன?"

மகன் எழுந்து தட்டுகளை எடுத்து வைத்தான். அன்றும் ஏழு மணிக்கு அவள்தான் முதலில் உட்கார்ந்தாள், அதே நாற்காலியில்.

போன மாதம் ஒரு காலை. உருளை வேலைக்குத் திரும்பிப் போகும் முதல் நாள். காயும் முட்டையும் தின்றுவிட்டு, ரொட்டியில் பாதியைக் கடித்தவள் கையிலிருந்ததைப் பார்த்தாள். தட்டில் வைத்தாள்.

"போதும்" என்றாள்.

நாங்கள் நான்கு பேரும் தலையைத் தூக்கினோம். அந்த அரை ரொட்டியை என்ன செய்வதென்று எங்களுக்குத் தெரியவில்லை. நாலு மாதப் பழக்கதோஷத்தில் என் தம்பி கையை நீட்டினான், வீணாகுமே என்று.

"தொடாதீங்க" என்று அவன் கையைத் தட்டிவிட்டாள். அலமாரியிலிருந்து இன்னொரு கிண்ணத்தை எடுத்து அதில் ரொட்டியைப் போட்டு மூடினாள். நாடாவைக் கத்தரித்து, மையால் ஐந்து சின்னக் கோடு போட்டாள்.

"அது என்னம்மா குறி?" என்றாள் மகள்.

"என் விரல். சாயங்காலம் வந்து நானே தின்னுக்கறேன்."

ஃப்ரிட்ஜ் கதவைச் சாத்திவிட்டு, அகலமான செருப்பில் காலை நுழைத்து வாரை இறுக்கிக்கொண்டு, எங்கள் நான்கு தட்டையும் மேசையிலேயே விட்டுவிட்டு, ரோலரக்கா வேலைக்குப் போனாள்.