பன்னிரண்டாம் அறையும் 'கூல்' என்ற சொல்லும்

பன்னிரண்டாம் அறைச் சாவி மேசைமேல் வந்து விழுந்தது. லாட்ஜ் வரவேற்பில் நிற்கிறவன் கையில் யாரும் சாவியைக் கொடுப்பதில்லை. இந்த வேலை பார்த்து நொந்தவர்களுக்கு அது தெரியும்.

வெந்நீர்

"வெந்நீர் வரல!" என்று கத்தினார் சாவியைப் போட்டவர். சீசனில் எல்லா அறைகளிலும் ஒரே நேரத்தில் குழாயைத் திறப்பார்கள். ஐந்தருவியில் குளிக்க வந்தவருக்கு வெந்நீர் எதற்கு என்று கேட்க முடியாது. மேனேஜர் சொல்லிக்கொடுத்தபடி, "கூல் சார்" என்றேன். அவர் இன்னும் கத்தினார்.

மேனேஜர் உள்ளேயிருந்து எட்டிப் பார்த்தார். "ஏலே, சிரிச்சிக்கிட்டே சொல்லணும்லே. மூஞ்சிய இப்படி வச்சிக்கிட்டு கூல்னா எவன் கூல் ஆவான்?"

மோதிரம்

மறுநாள் அதே ஆளின் மோதிரத்தைக் காணோம். எண்ணெய் மசாஜ், அருவி, அறைக்கு வந்து மதியத் தூக்கம். எழுந்து பார்த்தால் விரலில் இல்லை. அறை கூட்டும் மாரியம்மாளை மேசைக்கு முன்னால் நிறுத்தினார்கள். தென்காசியிலிருந்து முதல் பஸ்ஸில் வருகிறவள். அறையில் கிடக்கும் கொண்டை ஊசியைக்கூட என்னிடம் கொண்டுவந்து கொடுப்பாள்.

முந்தானையை உதறிக் காட்டச் சொன்னார் மோதிரத்தைத் தொலைத்தவர். "நான் எடுக்கல தம்பி" என்று என்னைப் பார்த்துச் சொல்லிவிட்டு உதறினாள். ஒரு பஸ் டிக்கெட் விழுந்தது. நான் வாயைத் திறப்பதற்குள் மேனேஜர் என் தோளை அழுத்தினார்.

"நீ கூலா இரு. சாயங்காலத்துக்குள்ள மோதிரம் வரலன்னா இவ நாளைக்கு வர வேண்டாம்."

துண்டு

எண்ணெய் பட்ட துண்டுகளை நாங்கள் தனி வாளியில் போடுவோம். எண்ணெய் பூசிய விரலில் மோதிரம் நிற்காது, துடைக்கும் துண்டோடு வந்துவிடும். குற்றாலத்தில் லாட்ஜ் நடத்துகிற மேனேஜருக்கு இது தெரியாதா? வாளியைக் கவிழ்த்தேன். நானும் மாரியம்மாளும் ஒவ்வொரு துண்டாக உதறினோம். ஏழாவது துண்டிலிருந்து மோதிரம் தரையில் விழுந்து உருண்டது.

டீ குடித்துவிட்டு வந்த பன்னிரண்டாம் அறைக்காரரிடம் அவளே கொண்டுபோய்க் கொடுத்தாள். அவர் அதை விரலில் மாட்டித் திருப்பிப் பார்த்தார். மேனேஜர் அவளிடம், "சரி, போய் வேலையப் பாரு" என்றார்.

"அவங்ககிட்ட மன்னிப்பு கேளுங்க சார்" என்றேன் அறைக்காரரிடம். சிரித்துக்கொண்டு சொல்லவில்லை.

"கூல் ப்ரோ. அதான் கிடைச்சிருச்சில்ல, அப்புறம் என்ன?"

இத்தனை வருஷத்தில் அந்தச் சொல்லைத் தப்பு செய்தவர்கள் சொல்லித்தான் கேட்டிருக்கிறேன், அதற்கு ஆளானவர்கள் சொல்லி ஒருதடவைகூடக் கேட்டதில்லை.

அவர் சாவிக்குக் கை நீட்டினார். மேசைமேல் போட்டேன்.