விடியலை நிறுத்தி வைத்தவர்

முதலில் பக்கவாட்டு விளக்குகள், பிறகு வாசல் விளக்கு, கடைசியாகக் கூரை விளக்கு. குமிழைத் திருகியபடியே கூடத்தை எட்டிப் பார்க்கிறார் இருட்டு மாமா. பட்டென்று அணைத்தால் குழந்தைகள் அலறும். இழுத்தடித்தால் பெரியவர்கள் தூங்கிவிடுவார்கள். “இருட்டைத் தலையில கொட்டக்கூடாது, போர்த்திவிடணும்” என்பார், கரகரத்த குரலில். கோளரங்கத்தில் பட்டப்பகலில் இரவைக் கொண்டுவருவதுதான் அவருக்கு உத்தியோகம். செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் இயந்திர அறைக்குள் நுழைவார். கிரகங்களை ஒருமையில்தான் அழைப்பார். “வியாழா, ஏன்டா அங்கேயே நிக்கிற? நகரு!”

ஒரு காலத்தில் அந்தக் கூடத்தில் ஒலித்தது அவருடைய குரல்தான். அவர் “அண்ணாந்து பாருங்கள்” என்றால் பின்வரிசையில் அரட்டை அடிப்பவர்கள்கூட வாயை மூடிக்கொள்வார்கள். தொண்டையில் அறுவை சிகிச்சை நடந்தது. உயிர் தப்பியது, குரல் தப்பவில்லை. யாராவது உச்சுக் கொட்டினால் அவருக்குப் பிடிக்காது. “குரல் எங்கேயும் போயிடலைங்க. எங்க வீட்டுலதான் இருக்கு.”

அவர் சொல்வது மனைவியை. அன்று அவள் வாசலில் சீட்டுக் கிழித்துக்கொண்டிருந்தாள். நாலு பேர் சேர்ந்து பார்த்தால் அவளுக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். மதிய இடைவேளையில் ஆளில்லாத கூடத்தில் நட்சத்திரங்களைப் போட்டுவிட்டு, அவர் தன் விளக்கவுரையை அவள் காதோரம் கிசுகிசுப்பார். அவள் உரக்கச் சொல்வாள். “மூச்சை முழுங்காதே. நீ அண்ணாந்து பார்த்தாத்தான் அவங்களும் பார்ப்பாங்க” என்று அவர் திருத்துவார். ஒரே டிபன் பாக்ஸில் இருவரும் கைவிட்டுச் சாப்பிட்ட அந்த மதியங்களை நினைத்தால் இப்போதும் அவர் முகம் மலர்ந்துவிடும். அதுபோல் ஒரு காலம் பிறகு வரவேயில்லை. இன்று காட்சி முடிந்ததும் கூட்டம் அவளிடம் கையெழுத்துக் கேட்கிறது. அவரிடம் கழிப்பறைக்கு வழி கேட்கிறது. அதையும் வாய் நிறையச் சிரிப்போடு சொல்லி அனுப்புவார்.

தலைநகரின் பெரிய கோளரங்கம் அவளை அழைத்திருந்தது. அங்கே எல்லாம் கணினி; இவருக்கு இடமில்லை. “போகட்டுமா, வேண்டாமான்னு ஒரு வார்த்தை சொல்லுங்களேன்” என்று ஒரு வாரமாக அவள் நச்சரித்தாள். “வியாழன் மக்கர் பண்றான், அப்புறம் பார்ப்போம்” என்று அவர் நழுவினார். பதில் சொல்ல இன்றுதான் கடைசி நாள். காலையில் அவளே முடிவுகட்டிவிட்டாள்: “இந்தத் தொண்டையோட உங்களைத் தனியா விட்டுட்டு நான் போகலை.” அவர் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினார்.

இன்றைய காட்சி இரட்டை விண்மீன்களைப் பற்றியது. கூடவே பிறந்த இரண்டில் பெரியது முதலில் ஊதிப் பெருக்கிறது. தன் பொருளையெல்லாம் சின்னதன் மேல் வார்க்கிறது. வாங்கியது பெரிதாகி ஜொலிக்க, கொடுத்தது வற்றிச் சிறுத்துப்போகிறது. அவள் சொல்லச் சொல்லக் குழந்தைகள் ஆவென்று பார்த்தன. மிச்சம் இருந்த ஒரு பகுதியை அவள் விழுங்கிவிட்டு, “இதோ, பொழுது விடிகிறது” என்று முடித்தாள்.

விடியவில்லை.

இருட்டு மாமா கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். “ஆன்ட்டி, எப்ப விடியும்?” என்றது ஒரு குழந்தை. கூடம் சிரித்தது. அவள் இயந்திர அறைப் பக்கம் திரும்பினாள். அவர் எதற்குக் காத்திருக்கிறார் என்பது புரிந்தது. கோபம்தான் முதலில் வந்தது, அழுகை அதன் பின்னால்.

“இன்னும் ஒன்று இருக்கிறது, குழந்தைகளே” என்றாள். “சிறுத்துப்போன பிறகும் அது கொடுத்துக்கொண்டே இருந்தால், இரண்டுக்கும் நடுவே தூரம் கூடும். விலகி விலகிப் போகும். ஆனாலும்...” குரல் உடைந்தது, மூச்சை இழுத்துக்கொண்டாள். “ஆனாலும் ஒன்றையொன்று சுற்றுவதை விடாது.”

கிழக்கு மெல்ல வெளுத்தது.

கூட்டம் கலைந்ததும் அவள் இயந்திர அறைக்குள் விடுவிடுவென்று நுழைந்தாள். “குழந்தைங்க முன்னாடி என்னை இப்படி நிக்க வெச்சிட்டீங்களே!” அவர் அவள் கைப்பையிலிருந்து கைபேசியை எடுத்து, தலைநகர் எண்ணைத் தேடி அழுத்தினார். மறுமுனையில் மணி அடிக்கத் தொடங்கியதும் அவள் காதில் வைத்து, அவள் பேசும்வரை கையை எடுக்காமல் பிடித்துக்கொண்டார்.